காலில் நின்ற கறுப்பு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் உடம்பில் வந்து நிற்கிறது. முட்டிவலி, சர்க்கரை, கண்ணில் புரை. போன மாதம் தென்காசி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் குதிகால் வெடிப்பைக் காட்டி என்னிடம் மருந்து கேட்டாள். ஊக்கால் அதை நோண்டிக்கொண்டே கேட்டாள். நோண்டாதே, அப்படியே விடு என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் காலை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்குச் சொல்ல முடியாத காரணத்தை உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் அந்தக் காலத்து ஆட்கள், உங்களுக்குப் புரியும்.

எங்கள் வீடு மேலப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. வாப்பா தறிக்காரர். தறியில் வயிறு நிறையாமல் குவைத்துக்குப் போனார். அங்கே சண்டை வந்தபோது உடுத்திய துணியோடு திரும்பி வந்தார். சட்டைப்பையில் ஒரு நகவெட்டியும் ஒரு சின்ன முள்வாங்கியும் மட்டும் இருந்தன. சந்தில் எல்லோரும் அவரைக் குவைத்துக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அது கேலியா மரியாதையா என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவும் மாட்டார். வீட்டு மூலையில் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எழுவார், மறுபடி படுத்துக்கொள்வார். உம்மா பீடி சுற்றித்தான் எங்களுக்குச் சோறு போட்டாள்.

எனக்கு மூத்தவன் ஒருவன். எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். மீசை அப்போதுதான் கறுத்திருந்தது அவனுக்கு. அந்த வருடம் அவனுக்குச் சவூதியில், தம்மாம் ஊரில் ஒரு கடை வேலைக்கு விசா வந்தது. மெட்ராஸில் மெடிக்கல் பார்த்துத் தேறினால் பயணம், தேறாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவேன் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வீட்டில் மெடிக்கல் பற்றித்தான் பேச்சு, அதுவும் தாழ்ந்த குரலில். அடுத்த தெருப் பையன் ஒருவனை முதுகில் தேமல் இருந்ததென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். தோலில் புள்ளி கண்டால் குஷ்டம் என்று எழுதிவிடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வாப்பா அந்த வரிசையில் நின்று வந்தவர். ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து காக்காவிடம் சொன்னார்.

"நம்மூர்ச் சந்தையில ஆட்டப் புடிச்சுப் பாப்பாம்லா, அப்படித்தான் பாப்பான். வாயத் தொறக்கச் சொல்லுவான். கால மேல தூக்கச் சொல்லுவான். மேலுல ஒரு புள்ளி இருக்கப்படாது."

அதற்குப் பிறகு உம்மா அவனைக் கொசு கடிக்க விடவில்லை. அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். முகச்சவரம் செய்யும்போது கத்தி பட்டுவிடுமோ என்று கதவோரம் நின்று பார்த்தாள். நான் ஓடிப்போய் அவன் முதுகில் தொங்கினால் நகம் கீறிவிடும் என்று என் நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டாள்.

வெளிநாடு போகிறவர்கள் கிளம்புமுன் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வர வேண்டும். தப்பு ஏதும் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், துஆ செய்யுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் விருந்து வைத்து, கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள். அது விட்டுப்போனால் பயணம் கூடிவராது என்பது நம்பிக்கை. மற்ற வீடுகளெல்லாம் முடிந்து, குலசேகரன்பட்டினத்தில் இருந்த மாமி வீடு மட்டும் பாக்கி. மாமி என்றால் வாப்பாவின் கூடப்பிறந்த தங்கை. காக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். திருச்செந்தூரில் இறங்கி வேறு பஸ் மாறினோம்.

மாமி மகனுக்குக் கடைத்தெருவில் செருப்புக் கடை. எங்களுக்கு அவர் மச்சான், அவருக்குக் காக்காவும் மச்சான். பயணத்துக்கென்று காக்காவுக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ எடுத்து வைத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு காக்கா கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தான். புது ரப்பர் வாசனை வீடு முழுக்க அடித்தது. மாமி அவன் தலையில் கைவைத்து ஏதோ ஓதி ஊதினாள்.

மறுநாள் காலை மச்சான் எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போனார். சங்கு எடுக்க முங்குகிற ஒருவரிடம் முகக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கியிருந்தார். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற, பின்னால் ரப்பர் வார் போட்ட கண்ணாடி. கடலுக்குள் கிடக்கிற பாறைக்கு அந்தப் பக்கத்தில் 'பார்' என்று பெயர். தண்ணீர் உள்வாங்கிய நேரம் அது, கரையை ஒட்டிய பாறையில் முழங்கால் அளவுதான் ஆழம். காக்கா கைலியை மடித்துக் கட்டி, கண்ணாடியை மாட்டிக் குனிந்தான்.

"என்ன மச்சான் தெரியுது? தம்மாம் தெரியுதா?" என்று மச்சான் கத்தினார்.

"பணியாரச் சட்டிவே!" என்றான் காக்கா, தலையைத் தூக்கி. "பாறை பூரா குழி. குழிக்குக் குழி ஒரு முள்ளு உருண்டை உக்காந்திருக்கு. ஏட்டி, வந்து பாரு."

என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கண்ணாடியை என் முகத்தில் அழுத்திப் பிடித்தான். ஓரத்தில் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியது. அதற்குள் பார்த்துவிட்டேன். துளைப்பான் வைத்துத் துளைத்தது போல் பாறையில் வட்டமாக ஒரு குழி. அதன் வாயில் நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்று, மேலே ஊசி ஊசியாக நீண்ட கறுப்பு முள். கடல் முள்ளெலி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். காக்கா விரலை அருகில் கொண்டுபோனான். நிழல் பட்டதும் அது முள்ளையெல்லாம் ஒடுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டது. விரலை எடுத்துக் கொஞ்சம் பொறுத்தால் பைய மேலே வந்தது.

"தொடாதிய மச்சான்," என்றார் அவர். "அது வீட்ட விட்டு வெளிய வராத சாதி. குஞ்சுல கொடைய ஆரம்பிச்சு, அங்கனயே பெருத்து, அங்கனயே மவுத்தாவும்."

"எங்க வாப்பா மாதிரின்னு சொல்லும்வே."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காக்கா என்னை மச்சானிடம் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை குனிந்தான். வந்த அலை பெரிதொன்றுமில்லை. கால் தடுமாறியவன் வலது காலை எங்கோ ஊன்றினான், "உம்மோ" என்று கத்திக்கொண்டு பாறைமேல் கைகளை ஊன்றி விழுந்தான்.

மணலில் உட்கார வைத்துக் காலைத் திருப்பினால், குதிகாலில் முள் முறிந்து நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டை மச்சான் பிடுங்கினார். மற்ற இடமெல்லாம் எள்ளைத் தூவி அழுத்தியது போல் கறுப்புப் புள்ளிகள், தோலுக்குள்ளே.

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. "உள்ள நிக்க விடப்படாது மச்சான். அது ரத்தத்தோட ஏறி நெஞ்சுக்குப் போயிரும்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"எல்லாரும்தான்."

காக்கா தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நான் அழ ஆரம்பித்தேன்.

வீட்டில் மாமி கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். சூடு பட வலி மட்டுப்பட்டது. அதோடு விட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். மாமி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே புலம்பினாள்.

"பயணம் சொல்ல வந்த பிள்ளைய இப்படி அனுப்புதேனே. எங்க காக்காவுக்கு, உங்க வாப்பாவுக்கு, நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"வாப்பாகிட்ட சொல்லாண்டாம் மாமி. நடந்துருவேன்."

திரும்பும் பஸ்ஸில் என் மடியில் மாமி கொடுத்த உடன்குடிக் கருப்பட்டிப் பெட்டி இருந்தது. காக்கா குதிகால் தரையில் படாமல் கால்விரல்களை ஊன்றியே உட்கார்ந்திருந்தான். வழியில் ஒரு பாலத்தில் பஸ் ஏறியபோது என் காதில் சொன்னான்: "கேட்டா, ஷூ கடிச்சிட்டுன்னு சொல்லணும், என்ன?" நான் தலையாட்டினேன். எவ்வளவு நேரம் அதை மனதில் வைத்திருக்க முடியும் என்று பயமாக இருந்தது. கருப்பட்டி ஓலைப்பெட்டிக்குள் இளகி என் பாவாடையில் ஒட்டியது.

பொய் சொல்லத் தேவைப்படவில்லை. மறுநாள் விடியற்காலைத் தொழுகைக்கு முன் முற்றத்துத் தொட்டியில் காக்கா ஒளு செய்துகொண்டிருந்தான். தொழப் போகிறவன் காலைக் கழுவாமல் தப்ப முடியாது. வாப்பா பின்னால் நின்றிருந்தார்.

"அது என்னலே கால்ல?"

"ஒண்ணுமில்ல வாப்பா."

"கால எடு."

"ஷூ..."

"எடுலே!"

விளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். கதை முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் திட்டவில்லை. பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தினார், சட்டையைக் கழற்றிப் போட்டார். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் ரயில். அதற்குள் புள்ளி ஒன்று பாக்கியில்லாமல் போக வேண்டும் என்றார். குவைத்திலிருந்து வந்தபின் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வெயில் ஏறியதும் மொட்டைமாடியில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். காக்காவின் கால் வாப்பா மடியில். நெருப்பில் காட்டிய ஊசி, குவைத் முள்வாங்கி, ஒரு கிண்ணத்தில் டெட்டால். என்னிடம் உடைந்த கண்ணாடித் துண்டைக் கொடுத்து, வெயிலைப் பிடித்துக் குதிகாலில் அடிக்கச் சொன்னார். கை ஆடினால் வெளிச்சம் விலகிவிடும். விலகினால் ஊசி எங்கே போகும் என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வருதா வாப்பா?"

"வருது. நழுவுது. பொறு."

"அறுந்த இழையத் தேடுத மாதிரில்லா தேடுதிய."

"தறியில எத்தன இழை அறுந்தாலும் கண்டுபுடிச்சு முடிச்சுப் போட்டவன்லே நான். நீ சும்மா இரு."

அந்த ஒரு இடத்தில் வாப்பா சிரித்தார். பிறகு காக்கா பல்லைக் கடித்துத் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். பக்கத்தில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் வாப்பா எடுத்ததையெல்லாம் துடைத்து வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். தோல்தான் இருந்தது, ரத்தம் இருந்தது. ஓரத்தில் ஒரு முள் நுனி, அரிசி நொய் அளவு. மற்றபடி கறுப்பாக எதுவுமில்லை. வாப்பாவும் அதைக் கவனித்தார். "கரைஞ்சு வருது," என்று அவரே சொல்லிக்கொண்டார்.

உம்மா மாடிப்படியில் பீடித்தட்டோடு நின்று, "விடுங்க, போதும். அது தானா போவட்டும்," என்றாள்.

"தானாப் போவ அது என்ன வேர்க்குருவா? முள்ளு! இத வச்சுக்கிட்டு அந்த மெடிக்கல்காரன் முன்னால போய் நிக்கச் சொல்லுதியா?"

இப்படி அன்று காலை, மறுநாள் காலை. இரண்டாம் நாள் ஊசி போதவில்லை என்று சவரப் பிளேடை எடுத்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி வேறொன்றைச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கல்யாணம் ஒன்று நடந்து நிலைக்காமல் போனது. கொல்லத்தில் முந்திரி உடைத்திருக்கிறேன், குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்திருக்கிறேன். அதற்கு நானும் மெடிக்கல் பார்த்தேன். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், கால் பக்கம் ஒருவரும் குனியவில்லை. பிறகு ஊரில் கால் தரிக்காமல் அந்தமானுக்குக் கப்பலேறி, ஒரு தீவில் கடலுக்கடியில் முங்கிப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தேன். ஒருநாள் முங்கப் போன ஒரு வடநாட்டுக்காரர் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இறங்கினார். கிட்டப்போய்ப் பார்த்தேன். அதே எள்.

நான் ஊசியைத் தேடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். படகுப் பையன்கள் என்னிடம் வெந்நீர் கேட்டார்கள். கை பொறுக்கும் சூட்டில் அவர் கையை முக்கி வைக்கச் சொன்னார்கள். "முள் உள்ளே இல்லையா?" என்று கேட்டேன். நீட்டிக்கொண்டிருந்ததை எடுத்தாயிற்று, இது முள்ளிலிருந்து இறங்கிய சாயம், நாளைக்கோ அடுத்த நாளோ போய்விடும் என்றார்கள். குத்தின இடத்தில் வீக்கம் நின்றால்தான் ஆஸ்பத்திரி. மறுநாளும் அதற்கு மறுநாளும் சாப்பாடு வைக்கும்போது அவர் கையைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கைரேகை பார்க்கிறவள் என்று நினைத்திருப்பார். அந்த இரண்டாம் நாள் உள்ளங்கை வெறும் உள்ளங்கையாக இருந்தது. 

எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாள் யாரும் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் குதிகால் பன் ரொட்டி போல வீங்கிப் பளபளத்தது. காய்ச்சல் அடித்தது. கடைசியில் டாக்டரிடம் தூக்கிப்போனோம். அவர் துணியைப் பிரித்து, "யாரு இத இப்படிக் கிழிச்சது?" என்று கேட்டார். வாப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஊசி போட்டுக் கட்டுக் கட்டி, காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று அனுப்பினார்.

"மருந்துச் சீட்ட மெட்ராசுல காட்டி நாள் கேப்போம்," என்றார் வாப்பா.

"கால் போயிட்டுன்னா நாளை வச்சு என்ன செய்ய?" என்று உம்மா கேட்டாள். அவர் முகத்துக்கு நேரே அவள் குரல் உயர்த்தியது எனக்குத் தெரிந்து அப்போதுதான்.

"நான் போவேன்," என்றான் காக்கா. "ரெண்டு பேரும் சும்மா இருங்க. போவேன்."

வெள்ளிக்கிழமை மாலை ஷூ ஏறவில்லை. வாப்பா வலது ஷூவின் பின்பக்கத்தை வெட்டிப் பிரித்து அதில் கட்டுப்போட்ட காலை நுழைத்தார். பிறகு கூடத்தில் நடந்து காட்டச் சொன்னார். காக்கா நடந்தான். "தோள ஒரு பக்கமா சாய்க்காத," என்றார். நடந்தான். "இப்பம் முகத்தச் சுளிக்காம." மறுபடி நடந்தான். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவன் சந்து முனை வரை நடந்து ஆட்டோ ஏறினான்.

அவர்கள் வரும்வரை உம்மா ஒரு பீடியும் சுற்றவில்லை. வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டால் எழுவாள், கடந்து போனால் உட்காருவாள். யாசீன் ஓதத் தொடங்கி, பாதியில் எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஓதினாள். நானும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

வந்தார்கள். வாப்பா முதலில் இறங்கிப் பெட்டியை இறக்கினார். உம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். அவராகச் சொன்னார்: "நடக்கச் சொன்னான். ரெண்டு எட்டுல கண்டுபுடிச்சிட்டான். கால் ஆறட்டும்னுட்டான்."

கால் ஆறுவதற்குள் ஏஜென்ட் வேறு ஆளை ஏற்றிவிட்டார். மெடிக்கலில் புள்ளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம், புண்ணைப் பற்றித்தான் கேட்டார்கள். குதிகால் ஆற மழைக்காலம் முடிந்துவிட்டது. ஆறிய இடம் சுருங்கிக் கட்டியாகி, இன்றைக்கும் அவன் பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றித்தான் நடக்கிறான். மறு வருடம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தார்கள், நானும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். வாப்பா பாயில் படுப்பதை விட்டுவிட்டு, இன்னொருவர் பட்டறையில் கூலிக்குத் தறி போடப் போனார். காக்கா கொஞ்ச நாள் கழித்துச் சந்தைப் பக்கம் டீக்கடை வைத்தான்.

அந்தமானிலிருந்து ஊர் திரும்பியதும் அந்தக் கடைக்குத்தான் முதலில் போனேன். கூட்டமில்லாத நேரம். வெந்நீர், சாயம், வெளுத்த உள்ளங்கை எல்லாவற்றையும் சொன்னேன். காக்கா கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டான். ஆச்சரியப்படுவான், ஆத்திரப்படுவான் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் ஈரக்கையைத் துடைத்துவிட்டு இடது உள்ளங்கையை என் முன்னால் விரித்தான்.

"இங்கயும் இருந்துச்சுட்டி."

"எங்க?"

"கையத்தான ஊனி விழுந்தேன். இதுலயும் நெறைய. அவங்க கண்ணு கால்லயே இருந்துச்சு, நான் கைய மூடியே வச்சிருந்தேன். பிளேடு வச்சு முடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் விரிச்சுப் பாத்தேன். வெளுத்துட்டு."

"அப்பமே தெரியுமா உனக்கு? சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லி என்ன செய்ய? கிழிச்சாச்சு." கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அப்பத்தான் பாய விட்டு எந்திரிச்சு உக்காந்த மனுசன் வாப்பா."

வாப்பா வந்துகொண்டிருந்தார். இப்போது எண்பதை நெருங்குகிறார், கம்பு ஊன்றித்தான் நடை. நான் வந்ததை விசாரித்து பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் காக்கா அடுப்புக்கும் மேசைக்கும் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொல்வது போல அவனுக்குச் சொன்னார்.

"ஒண்ணு ரெண்டு முள்ளு உள்ள தங்கிட்டு போலுக்கு. எம் பார்வ அப்பமே சரியில்ல. எல்லாத்தயும் எடுத்திருந்தேம்னா ஆறியிருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் காக்கா குறுக்கே வந்து நின்றான். டீயை ஆற்றி, கிளாஸை அவர் கைக்குள் வைத்து, பிடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

"ஆமா வாப்பா, ஒண்ணு ரெண்டுதான்," என்றான். "மத்தெல்லாம் நீங்க எடுத்துட்டிய."